மீன் உடலியல் பிஎச்டி: இலைப் பொடியும் ஐந்து என்சைமும் தவிர வேறு எதுவும் இல்லையா?

உப்பங்கழி | செவ்வாய், இரவு 9:40

மீன்வள முதுகலை முடித்துவிட்டு பிஎச்டி தலைப்புக்காக உட்கார்ந்திருக்கிறேன். வழிகாட்டி சொன்னது இது: ஜிலேபி மீனுக்குத் தீவனத்தில் முருங்கை இலைப் பொடியை நான்கு அளவுகளில் கலந்து 60 நாள் கொடு, பிறகு எஸ்ஓடி, கேட்டலேஸ் (ஆக்சிஜன் நச்சை முறிக்கும் என்சைம்கள்), ரத்த குளுக்கோஸ், கார்டிசால் (பதற்ற ஹார்மோன்) எல்லாம் பார், கடைசியில் ஏரோமோனாஸ் என்ற நோய்க் கிருமியை ஊசி போட்டு எத்தனை மீன் பிழைக்கிறது என்று எண்ணு.

சரி என்றுதான் வாசிக்க ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது, இந்தக் கட்டுரையை ஏற்கெனவே ஊரே எழுதிவிட்டது. முருங்கைக்குப் பதில் மஞ்சள், மஞ்சளுக்குப் பதில் துளசி, துளசிக்குப் பதில் பூண்டு. மீன் மாறும், இலை மாறும், முடிவு மட்டும் மாறாது: நடு அளவு கொடுத்த தொட்டிதான் நன்றாக இருந்தது.

மீனின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பக்கம் வந்தேன். இப்போது உலகத்தில் இந்தத் துறையில் உண்மையாகவே சண்டை நடக்கும் கேள்விகள் எவை? எங்கள் ஆய்வகத்தில் ஒரு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், கொஞ்சம் கிட், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் ஒரு பழைய டிஓ மீட்டர், எட்டு சிமெண்ட் தொட்டி. அவ்வளவுதான்.

நெடுந்தூரச்செவுள் | செவ்வாய், இரவு 11:15

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இலைப் பொடி ஆராய்ச்சியே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். என் முதல் கட்டுரையும் அதுதான். (பூண்டு.) ஆனால் அதை எழுதும்போது எனக்கு உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. தீவனக் கட்டுரையில் எஸ்ஓடி ஏறினால் "ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறன் மேம்பட்டது" என்று எழுதுவோம். பக்கத்து அறையில் பூச்சிமருந்து நச்சுத்தன்மை பார்ப்பவர், அதே எஸ்ஓடி ஏறினால் "மீன் ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கு ஆளானது" என்று எழுதுவார். ஒரே எண், ஒரே திசை, இரண்டு தீர்ப்பு. கேள்வி இல்லாமல் கிட்டைத் திறந்தால் இப்படித்தான், எண் வந்த பிறகு கதையைத் தேடுவோம்.

கார்டிசால் இன்னும் மோசம். ஒரு தொட்டியில் வலையை விட்டு முதல் மீனைப் பிடிக்கும்போது இருக்கும் அளவு வேறு, பத்தாவது மீனைப் பிடிப்பதற்குள் மற்ற மீன்கள் எல்லாம் பத்து நிமிடம் வலைக்கு மிரண்டு ஓடியிருக்கும், அதன் ரத்தத்தில் நீங்கள் அளப்பது இலைப் பொடியை அல்ல, உங்கள் வலையைத்தான். செதிலில் படியும் கார்டிசாலை அளக்கலாம் என்று இப்போது பலர் முயல்வது இதனால்தான், செதிலில் வாரக்கணக்கில் சேர்ந்தது தெரியும், அந்த நிமிடத்துப் பயம் அவ்வளவாகத் தெரியாது. அப்புறம் 3 தொட்டியில் 20 மீன் வீதம் விட்டுவிட்டு, மாதிரி எண்ணிக்கை 60 என்று எழுதும் வழக்கம். அது 60 இல்லை, 3. ஒரே தண்ணீரில் கிடக்கும் 20 மீனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி, ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும்.

நீ கேட்ட சண்டைக்கு வருகிறேன். இப்போதைக்குப் பெரிய சண்டை மூச்சுக்கும் வெப்பத்துக்கும் நடுவில். நன்னீர் 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். சூடாக ஆக மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை, தண்ணீரில் இருப்பதோ குறைவு. 1947-இலேயே ஃப்ரை என்ற கனடாக்காரர் ஓர் அளவைச் சொன்னார்: மீன் சும்மா இருக்கும்போது எடுக்கும் ஆக்சிஜன், முழு மூச்சாக நீந்தும்போது எடுக்கும் ஆக்சிஜன், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அது வளர, ஓட, முட்டையிடக் கையில் வைத்திருக்கும் சில்லறை. ஜெர்மனியின் போர்ட்னர் இதிலிருந்து மேலே போய், வெப்பம் ஏறும்போது இதயமும் ரத்த ஓட்டமும் ஆக்சிஜனைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாமல் போவதுதான் மீனின் வெப்ப எல்லையைத் தீர்மானிக்கிறது என்றார். 2007-இல் வாடன் கடல் மீன் ஒன்றை வைத்து அவரும் க்னுஸ்ட்டும் எழுதியது பெரிய பேச்சானது.

ஆனால் 2014-இல் நோரின், மால்ட்டே, கிளார்க் மூவரும் கொடுவா குஞ்சை எடுத்துப் பார்த்தார்கள். ஆமாம், நம் கொடுவாதான், ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்பார்கள். 29 டிகிரியில் வளர்ந்த மீனைச் சட்டென்று சூடாக்கினால் அந்தச் "சில்லறை" 38 டிகிரி வரை ஏறிக்கொண்டே போனது. அப்படியானால் கொடுவா 38-ஐத்தானே விரும்ப வேண்டும்? விருப்பப்படி இடம் தேர்ந்தெடுக்க விட்டால் 32-க்குக் கொஞ்சம் கீழே போய் நின்றுகொண்டது. கையில் பணம் அதிகம் கிடைக்கும் ஊர் வேறு, குடியிருக்க விரும்பும் ஊர் வேறு. இது போர்ட்னர் கருத்துக்குப் பெரிய இடி, இன்னும் முடியவில்லை.

உப்பங்கழி | புதன், காலை 7:05

தம்பி இல்லை, தங்கச்சி :) கொடுவா விஷயம் தெரியாது, ராத்திரியே அந்தக் கட்டுரையை எடுத்துப் படித்துவிட்டேன். மீன்கள் சிறுத்துப்போகும் என்று செய்தியில் வருகிறதே, அதுவும் இதே சண்டையா?

நெடுந்தூரச்செவுள் | புதன், காலை 10:20

மன்னிச்சுக்கோ தங்கச்சி.

ஆமாம், அதே சண்டையின் இன்னொரு முனை. மீன்வள விஞ்ஞானி டேனியல் பாலி சொல்வது: செவுள் ஒரு பரப்பு, உடம்பு ஒரு கனஅளவு, மீன் பெரிதாக ஆக செவுளின் பரப்பு உடம்போடு போட்டி போட முடியாது, தண்ணீர் சூடானால் அந்த முட்டுக்கட்டை இன்னும் சீக்கிரம் வரும், ஆகவே மீன் சிறுத்துவிடும். இதை வைத்துத்தான் 2013-இல் சியூங்கும் பாலியும் மற்றவர்களும், 2000-க்கும் 2050-க்கும் இடையில் மீன் கூட்டங்களின் சராசரி உச்ச எடை 14 முதல் 24 சதவீதம் வரை குறையும் என்று கணக்குப் போட்டார்கள். 2017-இல் லெஃபெவ்ர், மெக்கென்சி, நில்சன் மூவரும் கடுமையாக மறுத்தார்கள்: செவுள் என்ன பந்தின் மேல்தோலா, பரப்பு பின்தங்கிப்போக? அது மடிப்பு மடிப்பாக இருக்கும் உறுப்பு, மீனுக்குத் தேவைப்பட்டால் மடிப்பைக் கூட்டிக்கொள்ளும், பெரிய மீனுக்கு ஒரு கிராமுக்குச் செவுள் குறைவாக இருப்பது அதற்கு ஒரு கிராமுக்கு ஆக்சிஜன் தேவை குறைவு என்பதால்தான் என்று. நானும் இவர்கள் பக்கம்தான். பந்தின் பரப்புக் கணக்கை உயிருள்ள செவுள் மேல் ஏற்றக் கூடாது. ஆனால் சூட்டில் வளரும் மீன்கள் பல இனங்களில் சின்னதாகவே முதிர்ந்துவிடுகின்றன என்பது நிஜம், அதற்குச் செவுள் காரணம் இல்லையென்றால் வேறு என்ன என்று எங்கள் பக்கமும் திருப்தியாகப் பதில் சொல்லவில்லை.

விடிகாலைக்குளம் | புதன், மதியம் 1:30

நான் படித்தவன் இல்லை, சீர்காழிப் பக்கம் இரண்டு குளம் வைத்திருக்கிறேன். ஒன்றில் கட்லா, ரோகு, இன்னொன்றில் ஜிலேபியும் விராலும். மேலே பேசுவதில் பாதி புரிந்தது. ஆனால் எனக்கு 38 டிகிரி பிரச்சினை இல்லை, விடியற்காலை நாலரை மணிதான் பிரச்சினை.

போன ஆடி மாதம் மூன்று நாள் மழை மூட்டம், நாலாம் நாள் விடியலில் டார்ச் அடித்துப் பார்த்தால் கட்லா எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மேலே நிற்கிறது. மீட்டரை விட்டால் 1.2. கரண்ட் வேறு போய்விட்டது. மோட்டார் பம்பை வைத்துத் தண்ணீரைத் தெளித்து ஒரு பாதியைத்தான் காப்பாற்றினேன், பெரிய மீன்தான் முதலில் போனது. பக்கத்துக் குளத்தில் ஜிலேபி மேலே வந்து வாயை ஆட்டிக்கொண்டிருந்தது, ஒன்றும் சாகவில்லை. விரால் ஒன்றுமே நடக்காதது போலச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தது.

இதற்குப் பிறகு ஒருவர் வந்து அமோனியா மருந்து என்று ஒரு கேன் விற்றுவிட்டுப் போனார். போட்டேன். பலன் என்ன என்று எனக்கே தெரியவில்லை. அம்மா, நீங்கள் முருங்கை கொடுத்து அந்தக் கட்லாவைக் காப்பாற்ற முடியுமா என்று சொல்லுங்கள்.

பிப்பெட்பாண்டி | புதன், மாலை 6:10

அண்ணே, அமோனியா மருந்து வாங்குவதற்கு முன்னால் பி.எச். பாருங்கள், மத்தியானம் மூன்று மணிக்கு. மீனைக் கொல்வது மொத்த அமோனியா இல்லை, அதில் வாயுவாக இருக்கும் பங்கு. 28 டிகிரி தண்ணீரில் பி.எச். 7.5 என்றால் அந்தப் பங்கு 2 சதவீதம். பி.எச். 8-இல் ஆறரை. 9-இல் 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். பச்சைப்பாசி திக்காக இருக்கும் குளத்தில் வெயில் நேரத்தில் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி எடுத்துவிடும், பி.எச். சர்ரென்று ஏறும். உங்கள் கிட்டில் காலையில் 1 காட்டிய அதே அமோனியா மத்தியானம் இருபது மடங்கு விஷம். ராத்திரி ஆக்சிஜன் இல்லாமல் சாவு, பகலில் அமோனியாவால் சாவு, இரண்டுக்கும் ஒரே பாசிதான் காரணம் என்பது கொடுமை.

செவுள் அமோனியாவை எப்படி வெளியே தள்ளுகிறது என்பதே சமீபத்தில்தான் தெளிவானது. சும்மா கசிந்து வெளியேறுகிறது என்றுதான் ரொம்ப நாள் பாடம் நடத்தினார்கள். 2007-இல் ஜப்பானில் ஒரு பேத்தை மீனின் செவுளில் ஆர்எச் புரதங்கள் அந்த வேலையைச் செய்வதைக் காட்டினார்கள். நம் ரத்த வகையில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று சொல்கிறோமே, அதே குடும்பத்துப் புரதம்! கென்யாவின் மகாடி ஏரியில் பி.எச். 10-இல் ஒரு திலாப்பியா இனம் வாழ்கிறது, அந்தத் தண்ணீரில் அமோனியாவை வெளியேற்ற வழியே இல்லை, ஆகவே அது எல்லாவற்றையும் யூரியாவாக மாற்றிவிடுகிறது. 1989-இல் ராண்டால் குழு கண்டுபிடித்தது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நெடுந்தூரச்செவுள் சார் என்சைமைக் கிண்டல் பண்ணியது கொஞ்சம் அதிகம். வெளிநாட்டில் உட்கார்ந்து சொல்வது எளிது. இங்கே மூன்று வருட உதவித்தொகை, அதில் ஒரு வருடம் கெமிக்கல் வாங்கும் பைலிலேயே போய்விடும், இரண்டு கட்டுரை வந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க விடுவார்கள். 60 நாள் சோதனை நிச்சயமாக முடியும், முடிவு வரும். அந்தப் பெண் கேள்வியைத் தேடிப் போய் நடுவில் மாட்டிக்கொண்டால் நீங்களா சம்பளம் தருவீர்கள்? மரபணுவும் என்சைமும்தான் பல கதைகளை அவிழ்த்திருக்கின்றன. ஐரோப்பாவில் க்ரூசியன் கெண்டை என்று ஒரு மீன், குளம் உறைந்தால் மாதக்கணக்கில் ஆக்சிஜனே இல்லாமல் கிடக்கும், லாக்டிக் அமிலம் சேர்ந்து சாகாமல் அதைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியாக விட்டுவிடும். ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் சாராயம்! எப்படி என்று 2017-இல் என்சைமைப் பிரித்துப் பார்த்துத்தான் தெரிந்தது, மூதாதையரின் மரபணுத் தொகுதி இரட்டித்தபோது கிடைத்த உபரிப் பிரதி ஒன்று மாறிப்போய் இந்த வேலைக்கு வந்திருக்கிறது. தொட்டியில் விடும் தங்கமீனுக்கும் இது உண்டு. நம் ஓரா மீன் குடும்பத்தில் 2010-இல் கொழுப்பு அமிலத்தை மாற்றியமைக்கும் ஒரு டீசாச்சுரேஸ் என்சைம் கிடைத்தது, முதுகெலும்புள்ள உயிரில் அப்படி ஒன்று அதுவரை யாரும் பார்த்ததில்லை, அதனால் ஓரா பாசியைத் தின்றே, மீன் எண்ணெயில் இருக்கும் டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பைத் தானே செய்துகொள்ளும். மீன் எண்ணெய் இல்லாத தீவனம் தேடும் ஆட்களுக்கு இது லேசான விஷயமா?

நெடுந்தூரச்செவுள் | புதன், இரவு 8:45

பாண்டி, கோபப்படாதீர்கள், நீங்கள் சொன்ன மூன்று கதையும் என் பக்கத்துக்குத்தான் சாட்சி. "இந்த மீன் ஏன் சாகவில்லை?" என்று கேட்டுவிட்டு என்சைமுக்குப் போனார்கள். என்சைமை அளந்துவிட்டு மீனைத் தேடவில்லை. உதவித்தொகை விஷயம் நியாயம், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சாளைக்குழம்பு | புதன், இரவு 9:30

நடுவில் ஒரு சமையல்காரன் கேள்வி. கடல் மீன் இரண்டாம் நாள் நாறுவது ஏன், குளத்து மீனுக்கு அந்த வாடை வராமல் சேற்று வாடை மட்டும் வருவது ஏன்?

பிப்பெட்பாண்டி | புதன், இரவு 10:02

கடல் மீன் உடம்பில் டிஎம்ஏஓ என்று ஒரு பொருள் உண்டு, செத்த பிறகு பாக்டீரியா அதை உடைத்து டிரைமெத்தில்அமீன் ஆக்கும், வாடை அதுதான். அது காரம், புளி அமிலம், இரண்டும் சேர்ந்தால் ஆவியாகி மூக்குக்கு வராது. உங்கள் பாட்டி புளி ஊற்றியது உயிர்வேதியியல்தான். நன்னீர் மீனில் டிஎம்ஏஓ மிகக் குறைவு. சேற்று வாடை ஜியோஸ்மின், நீலப்பச்சைப் பாசியிலிருந்து வருவது.

இந்த டிஎம்ஏஓ-வுக்கு இன்னொரு வேலை, ஆழத்தின் அழுத்தத்தில் புரதங்கள் நசுங்கிப்போகாமல் காப்பது. ஆழம் போகப் போக மீனில் இதன் அளவு ஏறுகிறது, ஏறிக்கொண்டே போனால் 8200 மீட்டர் வாக்கில் உடல்நீரில் கரைந்த பொருள்களின் செறிவு கடல்நீரின் அளவை எட்டிவிடும், அதற்குக் கீழே மீன் இருக்க முடியாது என்று 2014-இல் யான்சி குழு கணக்குச் சொன்னது. 2022-இல் ஜப்பான் பக்கம் இசு-ஓகசவாரா அகழியில் மீன் படமெடுத்தார்கள், 8336 மீட்டர். கணக்கு பெரிய அளவில் பிசகவில்லை.

உப்பங்கழி | வியாழன், காலை 6:50

இன்னொன்றும் கேட்க வேண்டும். கடல் அமிலமானால் மீன் குஞ்சுக்கு மோப்பம் குழம்பி எதிரி மீனை நோக்கியே போகும் என்று முதுகலையில் படித்தோம். இப்போது அதுவும் பொய் என்கிறார்களா?

நெடுந்தூரச்செவுள் | வியாழன், காலை 9:10

பொய் என்று ஒரே வார்த்தையில் சொல்லமாட்டேன். 2009-இல் கோமாளி மீன் குஞ்சுகளை வைத்து அந்தக் கதை ஆரம்பித்தது, அடுத்த பத்து வருடம் ஒன்றன்பின் ஒன்றாக மிகப் பெரிய விளைவுகளைக் காட்டிக் கட்டுரைகள் வந்தன, நரம்பில் காபா என்ற வேதிச் செய்தியை வாங்கும் ஏற்பிதான் குழம்புகிறது என்று உடலியல் விளக்கமும் 2012-இல் வந்தது. 2020 ஜனவரியில் கிளார்க்கும் (அதே கொடுவாக் கிளார்க்தான்) மற்றவர்களும் மூன்று வருடம் பல இனங்களில், வீடியோவோடு, திரும்பச் செய்து பார்த்து, பவளப்பாறை மீன்களின் நடத்தையில் சொல்லத்தக்க மாற்றம் ஒன்றும் காணோம் என்று எழுதினார்கள். பழைய குழு அதை ஏற்கவில்லை, முறை வேறு, இனம் வேறு என்று பதில் எழுதினார்கள். எனக்கு ஒரு விஷயம் மட்டும் மண்டையில் நின்றது: முதல் கட்டுரைகளில் மீன்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே பக்கம் போயின. உயிருள்ள மீன் வைத்து வேலை செய்தவர்களுக்குத் தெரியும், எதற்கும் அத்தனையும் சேர்ந்து ஒரே பக்கம் போகாது, ஒன்றாவது மூலையில் போய்த் தூங்கும்.

விடிகாலைக்குளம் | வியாழன், மதியம் 2:15

எங்கள் தரங்கம்பாடியில் பனையேறிக் கெண்டை மரத்தில் ஏறியதை ஒரு வெள்ளைக்காரன் எழுதிவைத்திருக்கிறான் என்று கேள்வி. நிஜமா?

பிப்பெட்பாண்டி | வியாழன், மாலை 5:40

நிஜம் அண்ணே. டேனிஷ்காரர்களிடம் வேலை பார்த்த டால்டார்ஃப் என்பவர் 1791-இல் அங்கே பனை மரத்து வெடிப்பில் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதி, 1797-இல் லண்டனில் அச்சானது. மரம் ஏறியதோ இல்லையோ, காற்றைச் சுவாசிப்பது உண்மை. 1970-இல் ஹ்யூஸும் சிங்கும் அளந்ததில் அந்த மீன் நல்ல தண்ணீரில் இருக்கும்போதே பாதி ஆக்சிஜனை மேலே வந்து காற்றிலிருந்துதான் எடுத்தது. உங்கள் விரால் இன்னும் ஒரு படி மேலே, காற்று கிடைக்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் ஒரு லிட்டர் தண்ணீரில் இருப்பதைவிட 30 மடங்குக்கும் மேல், அதனால்தான் அன்றைக்கு அது அசையாமல் நின்றது.

உங்கள் ரோகு குஞ்சுக்கும் உடலியல்தான் மூலம். இந்த மீன்கள் குளத்தில் தானாக முட்டையிடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி கெண்டைக்குப் பிட்யூட்டரிச் சாற்றை ஊசி போட்டு முட்டையிட வைத்தார், அதுவரை பெரும்பாலும் ஆற்றில் வலை போட்டுத்தான் குஞ்சு பொறுக்கினார்கள். ஜூலை 10-ஐ மீன் வளர்ப்போர் தினம் என்று கொண்டாடுவது இதற்காகத்தான்.

உப்பங்கழி | வியாழன், இரவு 11:55

குளத்து அண்ணன் சொன்ன அந்த நாலரை மணியை விட்டு என்னால் வெளியே வர முடியவில்லை. தினமும் விடியலில் ஆக்சிஜன் 1-க்கும் 2-க்கும் இறங்கும் குளத்தில் வளர்ந்த ஜிலேபியும், எந்நேரமும் காற்றடிக்கும் எங்கள் சிமெண்ட் தொட்டியில் வளர்ந்த ஜிலேபியும் ஒரே மீனா? எந்த அளவுக்குக் கீழே போனால் மீனால் தன் மூச்சுக் கணக்கைத் தாக்குப்பிடிக்க முடியாமல் போகிறது, அந்தக் கோடு இரண்டுக்கும் ஒன்றா? ஒன்று இல்லையென்றால் செவுளிலா, ரத்தத்திலா, தசை என்சைமிலா மாற்றம்? கருவிதான் இல்லை, விலையைப் பார்த்தேன், மூச்சு முட்டியது எனக்குத்தான்.

நெடுந்தூரச்செவுள் | வெள்ளி, அதிகாலை 1:30

விலைக்கு வாங்காதே, கட்டு. காற்றுப் புகாத மூடியுள்ள 2 லிட்டர் ஜாடி, மீன் 50 கிராம், இந்த விகிதம் சரியாக இருக்கும். ஜாடியைப் பெரிய டப்பில் முழுக்க மூழ்க வை. மீன்தொட்டிக்கு விற்கும் சின்ன மோட்டார் இரண்டு: ஒன்று ஜாடிக்குள் இருக்கும் தண்ணீரையே சுற்றிவிட, இன்னொன்று டப்பிலிருந்து புதுத் தண்ணீரைத் தள்ள. இரண்டாவதை டைமரில் போட்டு 10 நிமிடம் ஓடு, 10 நிமிடம் நில். அது நிற்கும் நேரத்தில் டிஓ இறங்கும் சரிவுதான் உன் தரவு. மீன் கிலோவுக்கு மணிக்கு 200 மில்லிகிராம் எடுப்பதாக வைத்துக்கொண்டால் உன் மீன் 10 நிமிடத்தில் 1.7 எடுக்கும், ஜாடியில் இருப்பதோ 15, ஆகவே 80 சதவீதத்துக்குக் கீழே போகாது.

மீனை ஒரு நாளாவது பட்டினி போடு. கையால் தொட்ட மீன் ராத்திரி முழுக்கப் பதறும், விடியும்வரை ஓடவிட்டு மிகக் குறைந்த சரிவுகளை மட்டும் எடு. மூச்சுக் கோடு கண்டுபிடிக்கும் நாளில் மட்டும் புதுத் தண்ணீரை நிறுத்தி இறங்கவிடு, மீன் சாய ஆரம்பித்தால் உடனே திற. மிக முக்கியம்: மீன் இல்லாமல் வெறும் ஜாடியை முன்னும் பின்னும் ஓட்டு.

பிப்பெட்பாண்டி | வெள்ளி, காலை 8:20

ரத்தம், தசை மாதிரி எடுத்தால் என்னிடம் கொண்டு வா, எல்டிஎச் (ஆக்சிஜன் இல்லாதபோது லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் என்சைம்) நான் பார்த்துத் தருகிறேன். கேள்வியோடு வந்தால் என்சைமும் நல்ல பிள்ளைதான் :)

உப்பங்கழி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10:10

நிலவரம். வழிகாட்டி முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு ஓர் அத்தியாயம் முருங்கைக்கு விடு, மற்றதை உன் இஷ்டப்படி செய் என்றார். சம்மதித்துவிட்டேன்.

ஜாடி கட்டியாயிற்று, ஊறுகாய் ஜாடி. வெறும் ஜாடியை ஓட்டியபோது மீனே இல்லாமல் ஒரு மணி நேரத்தில் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் இறங்கியது. பயந்துபோய்க் குழாயைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே விரலால் வழித்தெடுக்கும் அளவுக்கு வழவழப்பு, பாக்டீரியாக்கள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, அலசி, ஒரு நாள் காயவைத்து மறுபடி ஓட்டினேன், 0.05. தொட்டி மீன் நான்கு முடித்துவிட்டேன். இனி குளத்து மீன் வேண்டும், விடியலில் எடுத்தது.

விடிகாலைக்குளம் | ஞாயிறு, இரவு 10:40

புதன்கிழமை வாங்கம்மா, மூன்று மணிக்கு ஆளைப் பேருந்து நிலையத்துக்கு அனுப்புகிறேன். பாலித்தீன் பையும் ஆக்சிஜன் சிலிண்டரும் என்னிடமே இருக்கிறது. மீட்டரை மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள், என்னுடையது சேற்றில் விழுந்ததிலிருந்து எதை விட்டாலும் 6 என்றே காட்டுகிறது. வரப்பில் நாய் குரைக்கும், கடிக்காது.